தாய் சொன்னதை மருத்துவம் கேட்டது எப்போது?

மூட்டுவாதம் என்றாலே நமக்குத் தாத்தா பாட்டி நினைவுதான் வரும். தைலப் புட்டியும், மாடிப்படி ஏறும்போது வரும் முனகலும்தான் அந்த நோயின் அடையாளம். இரண்டு வயதுக் குழந்தைக்கும் அது வரும் என்று சொன்னால் படித்தவர்கள்கூட ஒரு கணம் யோசிப்பார்கள். ஆனால் வருகிறது. பதினாறு வயதுக்குள் தொடங்கி, ஆறு வாரத்துக்குக் குறையாமல் நீடித்து, வேறு காரணம் எதுவும் கண்டுபிடிக்க முடியாத மூட்டு அழற்சியை இன்று சிறார் மூட்டுவாதம் என்கிறார்கள். ஏறத்தாழ ஆயிரம் சிறாரில் ஒருவருக்கு இது இருக்கலாம் என்பது மேலை நாடுகளில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சின்னக் குழந்தை 'மூட்டு வலிக்கிறது' என்று வாய் திறந்து சொல்லாது. காலையில் கட்டிலை விட்டு இறங்காது. தூக்கச் சொல்லிக் கை நீட்டும். நடந்து பழகிய பிள்ளை மறுபடியும் தவழத் தொடங்கும். பாலர் பள்ளிக்குப் போகும் வயதில் சட்டைப் பொத்தான் போட வராது. கரண்டியை விரலால் பிடிக்காமல் முழுக் கையாலும் பற்றிக்கொள்ளும். ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ கழித்து, வெந்நீரில் குளிப்பாட்டியும் விட்டால், அதே பிள்ளை ஓடி விளையாடும். இரவு முழுவதும் அசையாமல் கிடந்த மூட்டில் விறைப்பு ஏறுகிறது. அசைய அசைய அது தளர்கிறது. வீட்டுப் பெரியவர்கள் செல்லம் என்பார்கள். வளர்ச்சி வலி என்பார்கள். எங்காவது விழுந்திருப்பான் என்பார்கள். கிளினிக்கில் எண் கூப்பிடும்போது மணி பதினொன்று ஆகியிருக்கும். பிள்ளை நாற்காலிகளைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கும்.

ஆக, இந்த நோயின் முதல் சாட்சி காலை ஆறு மணிக்குப் பிள்ளையின் பக்கத்தில் இருப்பவர்தான். அந்தச் சாட்சியத்தை முறையாகப் பதிவு செய்ய மருத்துவ உலகம் எடுத்துக்கொண்ட காலம் ஏறக்குறைய நூறு ஆண்டுகள். அந்த நூறாண்டுக் கதை பலருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

லண்டனில் இருபத்திரண்டு குழந்தைகள்

1896-ஆம் ஆண்டு. லண்டன் கிரேட் ஆர்மண்ட் தெருவில் உள்ள குழந்தைகள் மருத்துவமனையில் ஜார்ஜ் பிரடெரிக் ஸ்டில் என்ற 28 வயது மருத்துவர் வேலை செய்துகொண்டிருந்தார். 1852-இல் திறக்கப்பட்ட அந்த மருத்துவமனையின் படுக்கைகளில் மூட்டு வீங்கிய குழந்தைகள் பலரை அவர் பார்த்தார். பெரியவர்களுக்கு வரும் முடக்குவாதமே சின்ன உடம்பில் வந்திருக்கிறது என்பது அன்றைய எண்ணம். ஸ்டில் அதை ஏற்கவில்லை. 22 குழந்தைகளின் விவரங்களைத் தொகுத்து, மருத்துவச் சங்கம் ஒன்றின் முன் கட்டுரையாகப் படித்தார். அது 1897-இல் அச்சாயிற்று.

அவர் சொன்னதன் சாரம் இதுதான்: குழந்தைகளிடம் காணப்படும் இந்த மூட்டு நோய் ஒரே நோய் அல்ல, அதில் ஒரு வகை பெரியவர்களின் நோயிலிருந்து வேறுபட்டது. பால் பற்கள் விழுந்து முளைக்கும் முன்பே பெரும்பாலும் அது தொடங்கிவிடுகிறது. மூட்டோடு நிற்பதில்லை. நெறிகட்டுகிறது, மண்ணீரல் பெருக்கிறது, காய்ச்சல் வருகிறது. ஸ்டிலுக்கு முன்பு யாரும் இதைப் பார்க்கவே இல்லை என்று சொல்ல முடியாது. பிரான்சில் 1864-இல் கோர்னில் என்பவர், பன்னிரண்டு வயதிலிருந்து மூட்டு நோயால் அவதிப்பட்ட ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார். 1890-இல் டியாமான்பெர்ஜே என்பவர் 38 சிறாரைப் பற்றி ஆய்வேடே எழுதினார். ஆனால் பெயர் நிலைத்தது ஸ்டிலுக்குத்தான். 'ஸ்டில் நோய்' என்ற சொல் இன்றும் மருத்துவர்களின் வாயில் புழங்குகிறது. கடைசிவரை திருமணமே செய்துகொள்ளாத அந்த மனிதர், பின்னாளில் லண்டன் கிங்ஸ் கல்லூரியின் முதல் குழந்தை மருத்துவப் பேராசிரியரும் ஆனார்.

நோய்க்குப் பெயர் கிடைத்துவிட்டது. மருந்து? 1899-இல் விற்பனைக்கு வந்த ஆஸ்பிரின் வலியையும் வீக்கத்தையும் ஓரளவு குறைத்தது. மற்றபடி ஓய்வு, ஓய்வு, ஓய்வு. வீங்கிய மூட்டை அசைக்கக்கூடாது என்று நம்பிய காலம் அது. கட்டிலோடு கட்டிலாகப் படுக்க வைத்து, சிம்பு கட்டி, மாவுக்கட்டுப் போட்டு மாதக்கணக்கில் வைத்திருந்தார்கள். தசை சூம்பியது. மடங்கிய முழங்கால் மடங்கியபடியே இறுகியது. நோய் செய்த கேட்டோடு, நல்லெண்ணத்தில் கொடுத்த ஓய்வும் தன் பங்குக்குச் செய்தது.

ஞாயிற்றுக்கிழமைப் பெற்றோர்

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இங்கிலாந்தில் டாப்லோ என்ற ஊரில் இருந்த மருத்துவமனையில், சிறாரின் வாத நோய்களுக்கென்றே ஒரு தனிப் பிரிவு உருவானது. கனடா செஞ்சிலுவைச் சங்கம் போர்க்காலத்தில் கட்டிய மருத்துவமனை அது. எரிக் பைவாட்டர்ஸ் 1947-இல் அந்தப் பிரிவின் பொறுப்பை ஏற்றார். 1951-இல் பார்பரா ஆன்செல் என்ற பெண் மருத்துவர் வந்து சேர்ந்தார். சிறார் மூட்டு மருத்துவம் என்ற துறையே அவரால்தான் தனியாக நிமிர்ந்தது என்று இன்றுள்ள நிபுணர்கள் சொல்வார்கள். பிள்ளையைப் படுக்கையில் கிடத்திவைக்காமல் எழுப்பி நடக்கவிடுவது, வெதுவெதுப்பான நீரில் பயிற்சி, மருத்துவமனைக்குள்ளேயே பள்ளிப் பாடம் என்று சிகிச்சை திசை திரும்பியது. 2001-இல் மறையும்வரை ஆன்செல் இந்தப் பிள்ளைகளுக்காகவே வாழ்ந்தார்.

ஆனால் அந்தக் காலகட்டத்தில் பெற்றோரின் இடம் எது? மருத்துவமனை வாசலுக்கு வெளியேதான். பிரிட்டிஷ் மருத்துவமனைகள் பலவற்றில் வாரத்துக்கு ஓரிரு நாள், அதுவும் ஒன்றிரண்டு மணி நேரமே பிள்ளையைப் பார்க்க அனுமதி. சேர்த்து முதல் ஒரு மாதம் பார்க்கவே விடாமல், பிள்ளை தூங்கும் நேரத்தில் மட்டும் எட்டிப் பார்க்க விட்ட இடமும் உண்டு. தொற்று வந்துவிடும் என்பது ஒரு காரணம். அம்மா வந்துவிட்டுப் போனால் பிள்ளை அழுகிறது, வராவிட்டால் அமைதியாக இருக்கிறது என்பது தாதியர் சொன்ன இன்னொரு காரணம். அறுவை சிகிச்சைக்கு வந்து பத்து நாளில் வீடு திரும்பும் பிள்ளைக்கே இது கொடுமை. மூட்டுவாதத்தோடு மாதக்கணக்கில் படுத்துக் கிடக்கும் பிள்ளைக்கு எப்படி இருந்திருக்கும்?

அந்த 'அமைதி' உண்மையான அமைதி இல்லை என்று காட்டியவர் ஜேம்ஸ் ராபர்ட்சன். இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி எட்டு நாட்கள் மருத்துவமனையில் தாயைப் பிரிந்து இருந்ததை அவர் கைக் கேமராவில் படம் பிடித்தார். 1952-இல் மருத்துவர்கள் கூடிய அவையில் அதைத் திரையிட்டபோது கடும் எதிர்ப்பு கிளம்பியது. மருத்துவமனைகளை அவமதிக்கிறார் என்றார்கள். இருந்தாலும் படம் தன் வேலையைச் செய்தது. 1959-இல் அரசாங்கம் நியமித்த பிளாட் குழு, பெற்றோர் எந்த நேரமும் பிள்ளையைப் பார்க்கலாம், சின்னக் குழந்தையோடு தாயும் தங்கலாம் என்று பரிந்துரைத்தது. பரிந்துரை வந்த மறுநாளே கதவு திறந்துவிடவில்லை. பெற்றோரே 1961-இல் சங்கம் அமைத்து ஆண்டுக்கணக்கில் கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

இதற்கிடையே ஓர் அதிசய மருந்தும் வந்து போயிற்று. 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச், முடக்குவாதத்தால் நடக்க முடியாமல் கிடந்த 29 வயதுப் பெண்ணுக்கு, பின்னாளில் கார்ட்டிசோன் என்று பெயர் பெற்ற மருந்தை ஊசி மூலம் செலுத்தினார். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். 1950-இல் ஹென்சுக்கும் இன்னும் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. சிறாருக்கும் அந்த மருந்து தரப்பட்டது. காய்ச்சல் பறந்தது, பிள்ளை சிரித்தது. பிறகுதான் விலை தெரிந்தது. முகம் நிலாவைப்போல் உப்பியது, எலும்பு பலவீனமானது, உயரம் நின்றுபோனது. மருந்தைக் கொடுத்தால் பிள்ளை வளராது, நிறுத்தினால் நடக்காது. இந்த இரண்டுக்கும் நடுவில் பெற்றோர் நின்ற காலம் பல பத்தாண்டுகள் நீடித்தது.

ஒரே சாலையில் நான்கு பேர்

இனி அமெரிக்காவுக்குப் போவோம். பெற்றோரின் சொல்லுக்கு மருத்துவம் செவி கொடுத்த மிகப் பெரிய நிகழ்ச்சி அங்கேதான் நடந்தது.

கனெக்டிகட் மாநிலத்தில், ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டி லைம், ஓல்ட் லைம் என்று அடுத்தடுத்து இரண்டு சிற்றூர்கள். காடும் மானும் நிறைந்த பகுதி. லைமில் வசித்த பாலி மர்ரி நான்கு பிள்ளைகளின் தாய். 1960-களின் நடுவிலிருந்தே அவருக்குத் தோல் தடிப்பு, மூட்டு வீக்கம், தலைவலி, களைப்பு என்று மாறி மாறித் தொல்லை. பிறகு கணவருக்கும் பிள்ளைகளுக்கும் மூட்டு வீங்கியது. மருத்துவர்கள் மாறினார்கள், பரிசோதனைகள் மாறின, பதில் மட்டும் மாறவில்லை. எல்லாம் மனம் சம்பந்தப்பட்டது என்று சொன்னவர்களும் உண்டு. வேறு ஒருவராக இருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பார். அவர் குறிப்பு எழுதத் தொடங்கினார். யாருக்கு, எந்தத் தேதியில், எந்த மூட்டில் என்று வீட்டாரைப் பற்றி மட்டுமின்றி அக்கம் பக்கத்தாரைப் பற்றியும் விசாரித்து எழுதினார்.

1975-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இரண்டு அழைப்புகள் போயின. ஓல்ட் லைமைச் சேர்ந்த மற்றொரு தாய் மாநிலச் சுகாதாரத் துறையிடம் சொன்ன செய்தி இது: 5,000 பேர் வாழும் தம் ஊரில் 12 பிள்ளைகளுக்குச் சிறார் மூட்டுவாதம் என்று மருத்துவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள், அவர்களில் நான்கு பேர் ஒரே சாலையில் வசிக்கிறார்கள். ஏறத்தாழ அதே சமயத்தில் பாலி மர்ரி, தம் குடும்பத்திலும் அண்டை வீடுகளிலும் மூட்டு நோய் பரவுவதை யேல் பல்கலைக்கழக மூட்டு நோய்ப் பிரிவுக்குத் தெரிவித்தார்.

இரு தாய்மாரும் கேட்டது எளிமையான கணக்கு. அரிதான நோய், தொற்றாத நோய் என்கிறீர்களே, அது எப்படி ஒரே சாலையில் நான்கு பிள்ளைகளைத் தேடி வந்தது? தனித்தனியாக அந்தப் பிள்ளைகளைப் பார்த்த மருத்துவர்கள் ஒவ்வொருவருக்கும் தம்மிடம் வந்த பிள்ளைகளை மட்டுமே தெரியும். முழுத் தெருவையும் பார்த்தவர்கள் தாய்மார்கள்தான்.

அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும், யேலில் அந்த ஆண்டுதான் ஆலன் ஸ்டீர் என்ற இளம் மருத்துவர் சேர்ந்திருந்தார். மூட்டு நோய்ப் பயிற்சிக்கு வருமுன் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையத்தில் நோய்ப் பரவலைத் துப்பறியும் வேலை பார்த்தவர். பாலி மர்ரி பெயர்ப் பட்டியலோடு வந்தபோது அவர் சிரிக்கவில்லை; உட்கார வைத்துக் கேட்டார். பிறகு மூத்த பேராசிரியர் ஸ்டீபன் மலாவிஸ்டா உள்ளிட்டோருடன் சேர்ந்து ஊர் ஊராகத் தேடினார். லைம், ஓல்ட் லைம், ஈஸ்ட் ஹாடம் ஆகிய மூன்று ஊர்களில் 51 பேர் கிடைத்தார்கள். அவர்களில் 39 பேர் பிள்ளைகள். நான்கு சாலைகளில் மட்டும் பத்துப் பிள்ளைகளில் ஒருவருக்கு நோய் இருந்தது. பெரும்பாலும் கோடையிலும் இலையுதிர் காலத் தொடக்கத்திலும்தான் அது தோன்றியது. கால்வாசிப் பேருக்கு மூட்டு வீங்குவதற்கு முன்பு வளையம் போல விரியும் சிவந்த தடிப்பு வந்திருந்தது. ஐரோப்பாவில் உண்ணிக் கடியோடு சேர்த்து முன்பே அறியப்பட்டிருந்த தடிப்பு அது. 1977-இல் 'லைம் மூட்டு அழற்சி' என்ற பெயரில் ஆய்வு வெளிவந்தது. 1982-இல் வில்லி பர்க்டார்ஃபர் குழுவினர், உண்ணியின் குடலில் இருந்த சுருள் வடிவப் பாக்டீரியாவே காரணம் என்று அறிவித்தார்கள். ஆயுள் முழுக்க மூட்டுவாதம் என்று தீர்ப்புச் சொல்லப்பட்டிருந்த பிள்ளைகளுக்கு, ஆன்டிபயாட்டிக் மருந்தால் குணமாகும் நோய்தான் இருந்தது. பாலி மர்ரி தம் அனுபவத்தை 1996-இல் புத்தகமாக வெளியிட்டார். 2019-இல் காலமானார்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. இந்தக் கதையைப் படித்துவிட்டு, தம் பிள்ளைக்கும் ஏதோ கிருமிதான், ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. உண்மையான சிறார் மூட்டுவாதத்தில் உடலின் எதிர்ப்புச் சக்தியே தவறுதலாக மூட்டைத் தாக்குகிறது. அது ஏன் அப்படிச் செய்கிறது என்பதற்கு இன்னும் முழு விடை இல்லை. பெயரிலேயே அந்த ஒப்புதல் இருக்கிறது. பல பெயர்கள் மாறி, அனைத்துலக நிபுணர்கள் ஏழு வகையாகப் பிரித்து, 2001-இல் திருத்தி எழுதிய வரையறையில் உள்ள 'இடியோபதிக்' என்ற சொல்லுக்குக் காரணம் தெரியாதது என்றுதான் பொருள்.

அம்மா போடும் மதிப்பெண்

ஸ்டிலின் கட்டுரை அச்சாகிச் சரியாக நூறு ஆண்டுகள் கழித்து நடந்த ஒன்று, செய்தித்தாள்களின் கண்ணில் அவ்வளவாகப் படவில்லை. 1994-இல் குர்கிர்பால் சிங், பாலு ஆத்ரேயா உள்ளிட்ட மருத்துவர்கள் ஒரு கேள்விப் படிவத்தை வெளியிட்டார்கள். எட்டுப் பிரிவுகளில் முப்பது கேள்விகள். பிள்ளை தானே உடை உடுத்துகிறதா? சப்பாத்துக் கயிறு கட்டுகிறதா? படுக்கையிலிருந்து எழுகிறதா? சின்னப் பிள்ளை என்றால் பதில் எழுதுபவர் தாயோ தந்தையோதான். பிறகு 1997-இல், ஒரு மருந்து வேலை செய்கிறதா இல்லையா என்று முடிவு செய்ய ஆறு அளவுகோல்கள் வகுக்கப்பட்டன. வீங்கிய மூட்டுகளின் எண்ணிக்கை, இரத்தப் பரிசோதனை, மருத்துவரின் கணிப்பு ஆகியவற்றோடு, பிள்ளை மொத்தத்தில் எப்படி இருக்கிறது என்று பெற்றோரோ பிள்ளையோ போடும் மதிப்பெண்ணும் அந்தப் படிவத்தின் விடையும் அதில் இடம்பெற்றன. ஒரு காலத்தில் தூங்கும் பிள்ளையை எட்டிப் பார்க்க மட்டும் அனுமதிக்கப்பட்டவர்கள் சொல்வது, ஆய்வேடுகளில் கூட்டிக் கழிக்கப்படும் எண்ணாக மாறியது இப்படித்தான்.

அந்த அளவுகோல்களைக் கொண்டு சோதிக்கப்பட்டது எட்டானர்செப்ட் என்ற ஊசி மருந்து. அழற்சியைத் தூண்டும் ஒரு புரதத்தைப் பிடித்துக் கட்டிப்போடும் மருந்து இது. மற்ற மருந்துகளுக்குக் கட்டுப்படாத 69 சிறாருக்கு அதைக் கொடுத்ததில் 51 பேருக்குக் குறிப்பிட்ட முன்னேற்றம் தெரிந்தது என்று 2000-ஆம் ஆண்டு வெளியான ஆய்வு சொன்னது. அமெரிக்காவில் 1999-இலேயே சிறாருக்கு அதற்கு அனுமதி கிடைத்துவிட்டது.

அதற்கு முந்திய மருந்து மெத்தோட்ரெக்சேட். இன்றும் முதுகெலும்பு இதுதான். இதற்குப் பின்னால் நம் ஆட்கள் அறிய வேண்டிய ஒரு பெயர் உண்டு: எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்தில் 1895-இல் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் அணிந்து அறுவை சிகிச்சை அறைக்குப் போனதால் வெள்ளைக்காரப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, முழுப் பட்டம் கிடைக்காமல் குறைந்த தகுதிச் சான்றிதழோடு அமெரிக்கா போனவர். அங்கே லெடர்லி ஆய்வுக்கூடத்தில் அவர் வழிநடத்திய குழுவிலிருந்துதான் இரத்தப் புற்றுநோய்க்கான மருந்தாக மெத்தோட்ரெக்சேட் வந்தது. 1948-இல் அவர் மறைந்தார். அதே மருந்து மிகக் குறைந்த அளவில், வாரம் ஒரே ஒருமுறை கொடுத்தால் சிறாரின் மூட்டு அழற்சியைத் தணிக்கும் என்பதை அமெரிக்காவும் சோவியத் யூனியனும் சேர்ந்து 127 பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வு 1992-இல் உறுதி செய்தது. முடிவு அச்சில் வந்தபோது சோவியத் யூனியனே இல்லை, மருந்து இருக்கிறது.

வாரம் ஒருமுறை என்பதைத் தினம் ஒருமுறை என்று தவறாகப் புரிந்துகொண்டால் ஆபத்து. எந்தக் கிழமை என்று நாட்காட்டியில் குறித்து வைப்பது, ஊசி போடக் கற்றுக்கொள்வது, குமட்டும் பிள்ளையைச் சமாளிப்பது, இரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போவது, பயிற்சியை விளையாட்டாக மாற்றிச் செய்ய வைப்பது எல்லாம் இப்போது வீட்டின் வேலை. அன்று மருத்துவமனை செய்ததில் பாதியை இன்று அம்மாவும் அப்பாவும் செய்கிறார்கள். மலேசியாவில் செலாயாங் மருத்துவமனையிலும் சிங்கப்பூரில் கேகே மருத்துவமனையிலும் சிறார் மூட்டு நோய்க்கெனத் தனி நிபுணர்கள் உண்டு. அங்கே போகும்போது, விடிந்ததும் பிள்ளை நடக்கும் நடையைக் கைத்தொலைபேசியில் பதிவு செய்து எடுத்துப் போகலாம். பாலி மர்ரியின் பட்டியலுக்கு இணையான சாட்சி அது.

தாயின் கண்ணுக்கும் தெரியாத ஒன்று இந்த நோயில் இருக்கிறது. மூட்டுவாதம் உள்ள சிறாரில் சிலருக்குக் கண்ணின் உள்ளேயும் அழற்சி வரும். ஒருசில மூட்டுகள் மட்டும் பாதிக்கப்பட்ட சிறு வயதுப் பெண் பிள்ளைகளுக்கு இந்த வாய்ப்பு அதிகம். கண் சிவக்காது, வலிக்காது, நீர் வடியாது. பிள்ளை எதையும் சொல்லாது. சொல்வதற்கு அதற்கு ஒன்றும் தெரிவதில்லை. கவனிக்காமல் விட்டால் கண்புரையும், கண் அழுத்த நோயும், பார்வை இழப்பும்கூட நேரலாம். பிரிட்டனில் ஏ.வி. இராமணன் தலைமையில் 90 சிறாரிடம் நடந்து 2017-இல் வெளியான ஆய்வு, மெத்தோட்ரெக்சேட்டோடு அடாலிமுமாப் என்ற ஊசியைச் சேர்த்தால் கண் அழற்சியைக் கட்டுப்படுத்தும் வாய்ப்பு கூடுவதைக் காட்டியது. ஆனால் மருந்து கொடுக்க முதலில் அழற்சியைக் கண்டுபிடிக்க வேண்டும். அதைக் கண்டுபிடிப்பது கண் மருத்துவரின் 'ஸ்லிட் லாம்ப்' என்ற விளக்கு ஒன்றுதான். ஆபத்து அதிகமுள்ள பிள்ளைகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த விளக்கின் முன் உட்கார வைக்கச் சொல்கிறார்கள், மூட்டு நன்றாக இருந்து பிள்ளை பந்து விளையாடிக்கொண்டிருக்கும் மாதங்களிலும்கூட.